டின்காரன் பெண்டாட்டி சாப்பிடும் மீன்

“என் பெண்டாட்டி ஒன்பது மாசமா தினமும் கடலோரத்துல உக்காந்து சுட்ட மீன் சாப்பிடறா. வெள்ளைத் துணி விரிச்ச மேஜை. எலுமிச்சம்பழம் கேக்கறதுக்கு முன்னாடியே வந்துடும். இதுல எனக்கு ஒரு க்ரௌன்கூடச் செலவில்ல!”

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மொராவியாவில் ப்ரெரோவ் ஊரின் ரயில் பட்டறைக்கு எதிரே இருக்கும் ‘பச்சைத் தவளை’ பீர்க்கடையில் லுபோர் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, மீசையில் ஒட்டிய நுரையை நிதானமாகத் துடைத்துக்கொண்டார். மேஜையைச் சுற்றி ஐந்து பென்ஷன்காரர்கள். கேட்டதும் ஐந்து பேரின் குவளைகளும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நின்றன. கல்லாவில் இருந்த யர்மிலா மட்டும் தலை நிமிராமல் கண்ணாடித் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் எழுப்பி வெளியே அனுப்பியிருப்பார்கள். ஆனால் சாப்பாட்டுச் செலவு விஷயத்தில் லுபோர் எதைச் சொன்னாலும் அந்த ஊர் நம்பும். ஒரே ஒரு அவித்த முட்டையை வைத்துக்கொண்டு வியன்னா வரை போய் வந்தவர் அவர். வீடு திரும்பியபோது மஞ்சள் கரு அப்படியே இருந்தது, அதை மறுநாள் காலை ரொட்டியில் தடவிக்கொண்டார். புதாபெஸ்டில் ஒரு முழு நாளும் பேக்கரி வாசனையை மட்டும் சாப்பிட்டு, சாயங்காலம் வயிறு முட்ட ஏப்பம் விட்டவர். இப்படிப்பட்டவரின் மனைவி கடலோரத்தில் ஓசியில் மீன் தின்கிறாள் என்றால், அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நான்கு பேர் தலையாட்டினார்கள். குவளைகள் மறுபடி வாய்க்குப் போயின.

ஐந்தாமவர் ஒதாகர். நாற்பத்தோரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பெற்ற தாயிடமே டிக்கெட் கேட்டு, தேதி தப்பு என்று அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை இதுவரை மறுத்ததில்லை.

“சும்மா அளக்காதடா,” என்றார் ஒதாகர்.

“எதுடா அளக்கறேன்?”

“அந்தக் கடற்கரையில ஒரு மீன் என்ன விலை தெரியுமா உனக்கு? இருபத்திரண்டு வருஷம் போயிருக்க, ஒரு தரமாவது விலைப்பலகை இருக்கற பக்கம் மூஞ்சியத் திருப்பியிருக்கியா?”

“அதான் சொல்றேனே, ஓசி.”

“ஓசியில மீன் போடறதுக்கு உன் பெண்டாட்டி ஹெட்விகா என்ன பூனையா?”

கடை சிரித்தது. லுபோரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

“ஜூன் மாசம் எங்க பென்ஷன் சங்கம் அந்தப் பக்கம் பஸ் விடுது,” என்றார் ஒதாகர். “பத்து நாள். நீ போற அந்த ஊர்ல ஒரு நாள் முழுக்க நிக்குமாம். நான் போய் என் கண்ணால பாக்கறேன். பொய்யா இருந்தா, நீ இங்க எழுந்து நின்னு, தொப்பியக் கழட்டி, ‘நான் புளுகன்’னு எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லணும்.”

“நெஜமா இருந்தா?”

“நான் எழுந்து நிக்கறேன்.”

கை குலுக்கிக்கொண்டார்கள். யர்மிலா அப்போதுதான் தலை நிமிர்ந்து லுபோரைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தவிர்த்துக்கொண்டு கோட்டை மாட்டினார்.

வீட்டுக்கு நடக்கும்போது லுபோர் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. தான் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஒதாகர் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே ஹெட்விகா கன்னம் ஒட்டி, காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருக்க வேண்டும். ஒதாகரின் கையைப் பிடித்துக்கொண்டு ‘என்னை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ’ என்று அழ வேண்டும். அதற்காகப் பச்சைத் தவளையில் மட்டும் இல்லை, நகரச் சதுக்கத்தில் கொடிக்கம்பத்தில் ஏறி நின்று ‘நான் புளுகன்’ என்று கத்தவும் அவர் தயாராக இருந்தார்.

ஏனென்றால் ஹெட்விகா ஒன்பது மாதமாக வீட்டில் இல்லை.

இருபத்திரண்டு கோடைகள் அவர்கள் இருவரும் அத்ரியா கடலுக்குப் போனார்கள். எல்லாரும்தான் போனார்கள், ஆகஸ்டு பிறந்தால் மொராவியாவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். எல்லாரும்தான் சாப்பாடு கட்டிக்கொண்டு போனார்கள். அங்கத்துக் கடற்கரைக்காரர்கள் இவர்கள் கார்களைத் தூரத்தில் கண்டதும் “டின்காரங்க வந்துட்டாங்க” என்று சொல்வார்கள், கொண்டுவந்த ஈரல் விழுது டின்னையே தின்றுவிட்டு, அங்கே ஒன்றும் வாங்காமல் போகிறவர்கள் என்று. ஆனால் மற்றவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போனார்கள் என்றால், லுபோர் ஒரு முற்றுகைக்குத் தயாராகிற கோட்டையைப் போலக் கிளம்பினார்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஹெட்விகா அடுப்படியை விட்டு நகர மாட்டாள். பன்றிக்கறியைத் தட்டித் தட்டிச் செருப்பு அகலத்துக்கு ஆக்கி, மாவிலும் முட்டையிலும் ரொட்டித் தூளிலும் புரட்டி, எண்ணெயில் பொரித்து எடுப்பாள். ரீஸெக் என்று பெயர். அது இல்லாமல் அந்த நாட்டில் யாரும் பக்கத்து ஊருக்குக்கூட ரயிலேறுவதில்லை. மற்றவர்கள் வழிப்பயணத்துக்கு நான்கு எடுத்துப் போனால், லுபோர் நூற்றுப் பன்னிரண்டு எடுத்துப் போனார். அது போக இருபது கிலோ உருளைக்கிழங்கு, நாற்பது ஈரல் விழுது டின், ஊறுகாய் வெள்ளரி, மாவு உருண்டை டின், சின்ன காஸ் அடுப்பு. இவ்வளவையும் ஏற்றியதும் காரின் பின்பக்கம் சாலையில் உரசி, ஸ்லோவேனியா நெடுகத் தீப்பொறி பறக்கும். அங்கே மலைக் கிராமத்துப் பெண்கள் வால் நட்சத்திரம் என்று நினைத்து வேண்டிக்கொள்வார்கள்.

எல்லையில் ஒரு காவலர் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, “என்னய்யா, கடை வைக்கப் போறியா?” என்று கேட்டார்.

“சாப்பாடுங்க.”

“எத்தனை பேருக்கு?”

“ரெண்டு பேருக்கு.”

காவலர் ஹெட்விகாவை ஒரு நொடி பார்த்தார். பிறகு டிக்கியை மூடிவிட்டார்.

வழியில் டின்களை அலுமினியத் தாளில் சுற்றி எஞ்சின்மேல் வைத்துவிட்டால், அறுபது கிலோமீட்டரில் சூடாகிவிடும். பெட்ரோல் பங்கில் கழிப்பறைக் குழாயில் வெந்நீர் வரும்; டீக்கு அது போதும். கடுகுப் பொட்டலமும் உப்புப் பொட்டலமும் நெடுஞ்சாலைக் கடைகளில் கேட்பாரற்றுக் கிடக்கும். கோட்டில் எத்தனை பை உண்டோ அத்தனை. கடற்கரை ஊரில் அத்திமரக் கிளை சுவருக்கு வெளியே தொங்கினால், அது பொதுச் சொத்து. ஏழாம் நாள் ரொட்டி கல்லாகிவிடும். உடைத்துப் போட்டால் சூப். லுபோர் இதையெல்லாம் குளிர்காலம் முழுக்கப் பச்சைத் தவளையில் சொல்லுவார், வருஷத்துக்கு வருஷம் ரீஸெக் பத்து கூடும், ரொட்டி இன்னும் கொஞ்சம் கெட்டியாகும்.

ஹெட்விகா எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. சாயங்காலம் கரையோரம் நடக்கும்போது மட்டும், நெவென்கா என்பவளின் சாப்பாட்டுக் கடை முன்னால் அவள் நடை மெதுவாகும். கல் திண்டுக்கு மேல் பத்து மேஜைகள், வெள்ளைத் துணி, கீழே கடல். சுட்ட மீன் வாசனை தெரு வரைக்கும் வரும். லுபோர் அவள் முழங்கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கூட்டிப் போய்விடுவார், ரயில் வரும்போது குழந்தையைத் தண்டவாளத்திலிருந்து இழுப்பதுபோல.

போன ஆகஸ்டில் அவளுக்கு அறுபது. பிறந்தநாள் அங்கே போன நான்காம் நாள் வந்தது. ஊரில் இருக்கும்போதே, ரொட்டித் தூள் ஒட்டிய கையோடு, அவள் கேட்டாள்.

“லுபோர், எனக்கு ஒண்ணும் வாங்கித் தர வேணாம். அந்த மேஜையில உக்காந்து ஒரு மீன் சாப்பிடணும். ஒரே ஒரு தரம்.”

லுபோருக்கு அன்று என்ன ஆயிற்றோ, “சரி” என்றுவிட்டார். சொன்ன பிறகு மூன்று நாள் தூக்கமில்லை. ஆனால் வாக்கு வாக்குதான்.

பிறந்தநாள் மதியம் ஹெட்விகா நீலக் கவுன் போட்டுக்கொண்டாள். கழுத்தில் மணிமாலை. மேஜையில் உட்கார்ந்ததும் துணியை உள்ளங்கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பணியாள் ஒருவர் பெரிய தட்டில் பனிக்கட்டிமேல் மீன்களை அடுக்கிக் கொண்டுவந்து காட்டினார். அந்தக் கரையில் மீனுக்குக் கிலோ கணக்கில் விலை. ஹெட்விகா வெள்ளி மாதிரி மின்னிய ஒன்றை விரலால் சுட்டினாள்.

“எடை போடுங்க,” என்றார் லுபோர்.

“எழுநூறு கிராம்.”

லுபோரின் உதடுகள் சத்தமில்லாமல் பெருக்கின.

“இதவிடச் சின்னதா?”

வந்தது. “இதவிட?” வந்தது. பணியாள் ஐந்து தடவை சமையலறைக்கும் மேஜைக்கும் நடந்தார். ஐந்தாம் தடவை கொண்டுவந்த மீன் எவ்வளவு சின்னதென்றால், அதைக் காணாமல் அதன் அம்மா அப்போதும் கடலில் தேடிக்கொண்டிருந்திருக்கும்.

“ஆங், இதுதான் சரி. ஒரு மீன், ரெண்டு முள்கரண்டி. குடிக்கத் தண்ணி. குழாய்த் தண்ணி போதும்.”

ஹெட்விகா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் இன்னும் கலையவில்லை. சின்ன மீனானாலும் மீன்தான், மேஜை மேஜைதான் என்று நினைத்திருப்பாள்.

மீன் வந்தது. அப்போது லுபோர் காலடியில் வைத்திருந்த பையைத் திறந்து, மேஜைத் துணிக்கு அடியில் அலுமினியத் தாளைப் பிரித்தார். அந்தத் தாள் போட்ட சத்தத்தில் பத்து மேஜையும் திரும்பின. அலைகூட ஒரு கணம் நின்று கேட்டது. அவர் ஒரு ரீஸெக்கை எடுத்து அவள் தட்டில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மீனத் தொட்டுக்கிட்டு இதச் சாப்பிடு. வயிறு நெறையும்.”

அவர் அதை அன்போடுதான் சொன்னார். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கடைக்காரி நெவென்கா வந்து நின்றாள். அகலமான பெண், ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

“ஐயா, வெளியிலேந்து சாப்பாடு கொண்டு வரக் கூடாது.”

“இது சாப்பாடு இல்லம்மா,” என்றார் லுபோர். “என் பெண்டாட்டி பண்ணினது.”

பக்கத்து மேஜையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். “டின்காரன்” என்ற சொல் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குத் தாவிப் போயிற்று.

ஹெட்விகா கைத்துணியை நாலாக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எழுந்தாள்.

“எங்க போற?”

“கை கழுவ.”

கால் மணி ஆயிற்று. மீன் ஆறிவிடுமே என்று லுபோர் தன் பாதியைச் சாப்பிட்டார். இன்னொரு கால் மணி ஆயிற்று. வீணாகிவிடுமே என்று அவள் பாதியையும் சாப்பிட்டார். பிறகு பில்லைக் கட்டிவிட்டு அவளைத் தேடிப் போனார். சமையலறைத் தொட்டிக்கு முன்னால், நீலக் கவுன்மேல் ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, முழங்கை வரை நுரையோடு நின்றிருந்தாள் ஹெட்விகா. பக்கத்தில் தட்டுகள் அவள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. பாத்திரம் தேய்க்கிற பெண் அன்று காலைதான் கோபித்துக்கொண்டு போயிருந்தாளாம்.

“என்ன பண்ற?”

“பாத்திரம் தேய்க்கறேன்.”

“பில்லுதான் நான் கட்டிட்டேனே!”

“தெரியும். எனக்கு ஒரு மீன் நான் சம்பாதிச்சுக்கறேன்.”

மாலை நான்கு மணிக்கு, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, கடை ஆட்கள் கடலோர மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அன்று அவர்களோடு ஹெட்விகாவும் உட்கார்ந்தாள். நெவென்கா அவளுக்கு வைத்தது அந்த எழுநூறு கிராம் மீனை. ஹெட்விகா அவசரப்படாமல், முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துச் சாப்பிட்டாள். லுபோர் எதிரே கரைச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அப்போது என்ன செய்திருக்கலாம்? போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பெரிய மீனாக ஒன்று சொல்லி, அவள் எதிரே உட்கார்ந்திருக்கலாம். இதில் ஒன்றையும் அவர் செய்யவில்லை. கரைச் சுவரில் உட்கார்ந்தபடியே அவருக்குள் ஒரு மகிழ்ச்சி மெல்ல மெல்லப் பொங்கி வந்தது. ஒரு ஆள் சாப்பாடு மிச்சம்!

மறுநாள் அவள் “நான் அங்க போறேன்” என்றபோது, “போ, போ, நல்லதுதானே” என்று வழியனுப்பி வைத்தார். அதற்கு மறுநாளும். அவள் பங்கு ரீஸெக்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இன்னும் நாலு நாள் கூடத் தங்கலாம் என்று, தங்கியிருந்த வீட்டுக்காரரிடம் அறைக்குப் பேரம்கூடப் பேசிப் பார்த்தார். சாயங்காலங்களில் மற்ற மொராவியக் குடும்பங்களைக் கரைச் சுவருக்குக் கூட்டி வந்து தூரத்திலிருந்து காட்டினார்: “அதோ, நீலக் கவுன். என் பெண்டாட்டி. ஒரு காசு செலவில்ல!” அவர்கள் பொறாமையில் வெந்தார்கள். ஒருவர் தன் மனைவியைப் பார்த்து, “கத்துக்கோ” என்று சொன்னாராம்.

கிளம்புகிற நாள் வந்தது. காரில் காலி டின்களைக்கூட ஏற்றியாகிவிட்டது, பழைய இரும்புக் கடையில் போடலாம் என்று. ஹெட்விகா ஏப்ரனோடு வந்து காருக்குப் பக்கத்தில் நின்றாள்.

“சீக்கிரம் ஏறு, வெயில் ஏறுது,” என்றார் லுபோர்.

“நான் வரல.”

“ஏன், இன்னும் தட்டு பாக்கி இருக்கா?”

“இங்க சாப்பாடு நல்லா இருக்கு, லுபோர்.”

“சரி, அப்ப எப்ப வருவ? அடுத்த வாரமா?”

அவள் காருக்குள் எட்டிப் பார்த்தாள். “வழிக்கு ரெண்டு ரீஸெக் மிச்சம் இருக்கு. ரெண்டையும் நீயே சாப்பிட்டுக்கோ.”

அவர் காரைக் கிளப்பினார். சுமை குறைந்தால் பெட்ரோலும் மிச்சம் என்று வளைவு திரும்பும்போது ஒரு நினைப்பு அவருக்கு வரத்தான் வந்தது. ஸாக்ரெப் தாண்டி, வண்டி நிறுத்துகிற இடம் ஒன்றில், மடியில் துணியை விரித்து ரொட்டியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பக்கத்து இருக்கைப் பக்கம் நீட்டியபோதுதான் அவருக்கு உறைத்தது. நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

முதலில் வாரத்துக்கு ஒரு தடவை ஃபோன் செய்தாள். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. குளிர்காலத்தில் கடை மூடியதும் வந்துவிடுவாள் என்று லுபோர் காத்திருந்தார். அவளோ, நெவென்கா வீட்டு மாடியில் ஒரு அறை கிடைத்திருக்கிறது, இருவருமாக மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்றாள். பட்டறைக் குடியிருப்பில் ஆட்கள் “ஹெட்விகா எங்கப்பா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ‘விட்டுட்டுப் போயிட்டா’ என்று சொல்ல வாய் வரவில்லை. ‘தினமும் மீன் சாப்பிடறா, செலவில்ல’ என்று சொல்ல வந்தது. பாதிக்கு மேல் உண்மைதான். அப்படிப் பிறந்த பெருமைதான் அந்த மே மாத வியாழக்கிழமை ஒதாகரிடம் போய் மாட்டிக்கொண்டது.

ஜூனில் ஒதாகர் பஸ் ஏறும் காலையில் லுபோர் நிறுத்தத்துக்கே போனார். ஒதாகர் மடியில் ரீஸெக் பொட்டலம்.

“அவளப் பாத்தா...” என்றார் லுபோர்.

“பாத்தா?”

“ஏதாவது வேணுமான்னு கேளு. எதுவா இருந்தாலும் சரி. விலையப் பத்திக் கவலப்பட வேணாம்னு சொல்லு.”

ஒதாகர் காதில் விழுந்ததைச் சரிபார்ப்பதுபோல அவரை உற்றுப் பார்த்தார். நாற்பது வருஷப் பழக்கத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து அவர் கேட்டதில்லை.

பத்து நாள். அந்தப் பத்து நாளில் லுபோர் பைத்தியக்காரனைப்போலச் செலவு செய்தார். வெள்ளை மேஜைத் துணி வாங்கி அடுப்படி மேஜையில் விரித்தார். குடியிருப்பே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. மீன் கடைக்குப் போய், எடை போடச் சொல்லாமல், இருப்பதிலேயே பெரியதைக் கைகாட்டினார், கடைக்காரர் பயந்துபோய், “வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். ஒதாகர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் வருவார், வந்தால் சுட்டுத் தரத் தெரிய வேண்டும் இல்லையா? முதல் மீன் கரியானது. இரண்டாவது உள்ளே வேகவில்லை. மூன்றாவது ஓரளவுக்குச் சரியாக வந்தது. அதை எதிரே யாரும் இல்லாமல் சாப்பிட்டார். தொண்டையில் முள் குத்தியது.

பஸ் புதன்கிழமை திரும்பியது. ஒதாகர் வீட்டுக்கு வரவில்லை, ஃபோனும் செய்யவில்லை. வியாழக்கிழமை லுபோர் சவரம் செய்துகொண்டு, தொப்பியை வைத்துக்கொண்டு பச்சைத் தவளைக்குப் போனார். கழட்டுவதற்காகத்தான் தொப்பி. வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டே போனார்: நான் புளுகன், நான் புளுகன்.

கடை நிரம்பியிருந்தது. செய்தி பரவி, பீர் குடிக்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஒதாகர் மூலையில் குவளையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது.

“என்னடா, பாத்தியா?” என்றார் லுபோர் உட்காருவதற்கு முன்பே.

“கடலா? பாத்தேன். நல்லா இருந்துச்சு.”

“ஹெட்விகாவ.”

“கூட்டம்டா. அந்தக் கடையக் கண்டே பிடிக்க முடியல.” ஒதாகர் மேஜையைப் பார்த்துச் சொன்னார். நாற்பத்தோரு வருஷம் பிறர் பொய்யைப் பிடித்தவருக்குத் தானாக ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை; காது சிவந்துவிட்டது.

“கரையில மொத்தம் நாலு கடைதான். சொல்லுடா.”

“விட்டுடேன் லுபோர். வேற பேசலாம்.”

“சொல்லு!”

ஒதாகர் பெருமூச்சு விட்டார்.

“பாத்தேன். நாலு மணிக்குச் சாப்பிட உக்காந்தா. என்னையும் உக்கார வெச்சா.”

“மெலிஞ்சு போயிட்டாளா?”

“இல்ல.”

“கொஞ்சம்கூடவா?”

“அந்த நீலக் கவுன் பத்தலையாம். பக்கத்துல துணி வெச்சுத் தெச்சுப் போட்டுக்கிட்டிருக்கா.”

யாரோ சிரிக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்கள்.

“கை? பாத்திரம் தேச்சுத் தேச்சுக் கை வெடிச்சிருக்குமே?”

“இப்ப அவ பாத்திரம் தேய்க்கறதில்ல. மீன் எடுத்துட்டு வந்து காட்டறா, எடை போடறா. நம்ம ஊர்க்காரங்க வந்து ‘இதவிடச் சின்னது இருக்கா’ன்னு கேட்டா, பெருசாவே ஒண்ணு வெச்சுட்டு, சின்னதோட விலைய வாங்கிக்கறா. கடைக்காரி திட்டறாளாம். இவ கேக்கறதில்ல.”

லுபோர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“ஏதாவது வேணுமான்னு கேட்டியா?”

“கேட்டேன்.”

“விலையப் பத்திக் கவலப்பட வேணாம்னு சொன்னியா?”

“சொன்னேன். அவ நம்பல. நான் அளக்கறேன்னு சொல்லிச் சிரிச்சா. ரொம்ப நேரம் சிரிச்சா.” ஒதாகர் தயங்கினார். “அப்புறம், ஒண்ணும் வேணாம்னா.”

“திரும்பி வரதப் பத்தி?”

ஒதாகர் குவளையை ஓரமாகத் தள்ளி வைத்தார். யர்மிலா துடைத்துக்கொண்டிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

“எதோ கேட்டிருப்பா,” என்றார் லுபோர். குரல் மெல்லியதாகப் போயிருந்தது. “என்னப் பத்தி. எதாவது.”

“கேட்டா. இப்ப ஒரு ஆள்தானே, சாப்பாட்டுச் செலவு பாதியாயிருக்குமே, சந்தோஷமா இருக்கானான்னு கேட்டா.”

லுபோர் உட்கார்ந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. அவர் பழகி வந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லாமல் போய்விட்டது. நான்கு பென்ஷன்காரர்களும் தங்கள் குவளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒதாகர், பொய்யின்னு சொல்லிடுடா,” என்றார் லுபோர், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “நான் எழுந்து நிக்கறேன். நான் தொப்பியக் கழட்டறேன்.”

ஒதாகர் அவரையே பார்த்தார். டிக்கெட் இல்லாத பயணியைப் பார்க்கிற பார்வை இல்லை அது. ஆனாலும் பழக்கம் பழக்கம்தான். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். தன் தொப்பியைக் கழட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

“எல்லாரும் கேளுங்க,” என்றார். “லுபோர் சொன்னது அத்தனையும் நெஜம். ஹெட்விகா தினமும் மீன் சாப்பிடறா. வெள்ளத் துணி, எலுமிச்சம்பழம், எல்லாம் இருக்கு. இவனுக்கு ஒரு க்ரௌன் செலவில்ல. நான் என் கண்ணால பாத்தேன்.”